நிறுவனம் தரும் மருத்துவ நிதியும் ஓய்வு பெற்றோரின் காப்பீட்டுப் பிரீமியமும்

பணி ஓய்வு பெற்ற கையோடு எங்கள் கிளைகளுக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டு தொகைகளைப் பற்றியே பேசுவர். ஒன்று பணிக்கொடை, மற்றொன்று வருங்கால வைப்பு நிதி. அவற்றை எங்கே வைப்பது, எத்தனை ஆண்டுகளுக்கு வைப்பது, வட்டியை மாதந்தோறும் பெறுவதா காலாண்டுக்கு ஒருமுறை பெறுவதா என்பன குறித்து நன்கு ஆராய்ந்தே வருகின்றனர். மூன்றாவதாக ஒரு பலன் உண்டு. அது மொத்தப் பணமாகக் கைக்கு வருவதில்லை. ஆதலால் பேச்சிலும் இடம்பெறுவதில்லை. ஓய்வு பெற்றவரின் மருத்துவத் தேவைக்கென்று அவர் பணியாற்றிய நிறுவனம் ஒதுக்கும் நிதியே அது. அந்நிதியைக் கொண்டு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் செலுத்துவது எவ்வாறு, எப்போது அது நன்மை தரும், எங்கே தடுமாற்றம் நேர்கிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் இதன் சட்ட நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பணிக்கொடைக்கு 1972 ஆம் ஆண்டுச் சட்டமும், வருங்கால வைப்பு நிதிக்கு 1952 ஆம் ஆண்டுச் சட்டமும் அடித்தளமாக இருந்து வந்துள்ளன. ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவ உதவியை எல்லா நிறுவனங்களும் வழங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அத்தகைய பொதுச்சட்டம் இல்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் மட்டும் ஒரு சிறு வாசல் உண்டு. அதன் விதிகளின்படி, காப்பீட்டுக்குரிய பணியில் குறைந்தது 5 ஆண்டுகள் இருந்து ஓய்வு வயதில் விலகியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தாமும் துணைவரும் மருத்துவ வசதியைத் தொடரலாம். இந்த 120 ரூபாயைச் செலுத்தாமல் விட்டவர்களே மிகுதி என்பது எங்கள் கணிப்பு. பிறருக்கெல்லாம் மருத்துவ உதவி என்பது நிறுவனத்தின் விதிகளிலிருந்தோ, ஊழியர் சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்தோ பிறப்பது. விதி மாறினால் பலனும் மாறும். சேமிப்புக் கணக்கிலுள்ள பணத்தைப் போல இதைக் கருதுவது பொருந்தாது.

நடைமுறையில் இந்நிதி பல வடிவங்களில் காணப்படுகிறது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பொது நிறுவனங்கள் துறை 2008 ஆம் ஆண்டிலும் 2017 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஊதியத் திருத்த நெறிமுறைகள் இதில் முக்கியமானவை. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 30 விழுக்காடு வரை ஓய்வுக்காலப் பலன்களுக்கு நிறுவனம் ஒதுக்கலாம். அதனுள் மருத்துவப் பலனும் அடங்கும். 1.1.2007-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கென வரிக்கு முந்தைய இலாபத்திலிருந்து தனியே ஒரு தொகுப்பு நிதி அமைக்கவும் வழி செய்யப்பட்டது. இவற்றைக் கொண்டு சில நிறுவனங்கள் குழுக் காப்பீட்டுப் பாலிசி எடுத்துப் பிரீமியத்தை நேரே செலுத்துகின்றன. சில, பிரீமியத்தில் ஒரு பகுதியை ஓய்வு பெற்றோரிடம் வசூலிக்கின்றன. இந்த நெறிமுறைகளில் ஒரு வரியைப் பலரும் கவனிப்பதில்லை. மருத்துவப் பலன் பெற, அந்நிறுவனத்திலிருந்தே ஓய்வு வயதில் விலக வேண்டும். குறைந்தது 15 ஆண்டுப் பணியும் இருக்க வேண்டும். 2017 ஆம் ஆண்டில் ஓய்வூதியப் பலனுக்கு 15 ஆண்டு நிபந்தனை நீக்கப்பட்டபோதும் மருத்துவப் பலனுக்கு அது நீடித்தது. ஐம்பத்தைந்து வயதில் வேறு வேலைக்கு மாற எண்ணுவோர், புதிய ஊதியத்தைக் கூட்டிப் பார்க்கும் அதே தாளில் இந்த இழப்பையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

பொதுத்துறை வங்கிகளில் ஓய்வு பெற்ற எங்கள் மூத்த சகாக்களின் நிலை வேறு. 2015 மே 25 அன்று கையெழுத்தான பத்தாவது இருதரப்பு ஒப்பந்தத்தையொட்டி, அவர்களுக்கும் குழுக் காப்பீடு ஏற்பட்டது. ஆனால் பிரீமியத்தை ஓய்வு பெற்றோரே ஏற்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அது கடுமையாக உயர்ந்தது. சில வங்கிகள் ஊழியர் நல நிதியிலிருந்து ஒரு பகுதியை மானியமாகத் தந்து சுமையைக் குறைத்தன. பிரீமியத்தைக் கட்ட இயலாமல் பாலிசியை விட்டு விலகியவர்களும் உண்டு. எழுபது வயதைக் கடந்த பின் விலகியவர் மீண்டும் நுழைவது எளிதன்று.

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுவோருக்கு மத்திய அரசு சுகாதாரத் திட்டம் உள்ளது. ஊதிய நிலைக்கேற்ப மாதம் 250 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை பங்களிப்பு. பத்து ஆண்டுகளுக்குரிய தொகையை, அதாவது 30,000 ரூபாய் முதல் 1,20,000 ரூபாய் வரை, ஒரே தவணையாகச் செலுத்திவிட்டால் வாழ்நாள் முழுதும் வசதி தொடரும். இதை ஆண்டுதோறும் செலுத்தவும் இடமுண்டு. பணிக்கொடை கையில் இருக்கும்போதே மொத்தமாகச் செலுத்திவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. பதினோராவது ஆண்டு முதல் அது இலவசம் என்பது மட்டும் காரணமன்று, ஆண்டுதோறும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கடமை குறைகிறது. அத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே வசிக்கும் ஓய்வூதியர் மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப்படி பெறுகின்றனர். ஆண்டுக்கு 12,000 ரூபாய். அது ஓய்வூதியத்தோடு சேர்ந்தே வரவு வைக்கப்படுவதால் வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது.

இனி, எங்களிடம் மிகுதியாக ஐயம் எழுப்பப்படும் வடிவத்துக்கு வருவோம். தனியார் பெருநிறுவனங்கள் சிலவும் பொதுத்துறை நிறுவனங்கள் சிலவும், ஓய்வு பெற்றவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓர் உச்சவரம்பு வகுத்து, அதற்குள் மருந்துச் செலவையோ காப்பீட்டுப் பிரீமியத்தையோ ரசீதின் பேரில் ஈடு செய்கின்றன. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வாடிக்கையாளர்கள் சிலர், அங்கே இதற்கு எச்.ஆர்.ஏ. என்று பெயர் உண்டாமே, இங்கும் அதுபோலக் கணக்குத் தொடங்கலாமா என்று கேட்கின்றனர். நம் நாட்டில் அவ்வெழுத்துகளைக் கேட்டவுடன் வீட்டு வாடகைப்படிதான் நினைவுக்கு வரும். அமெரிக்க முறையில் அது பணியமர்த்தியவர் மட்டுமே பணம் போடும் மருத்துவ ஈட்டு ஏற்பாடு. 2002 ஆம் ஆண்டில் அந்நாட்டு வருவாய்த் துறை அதன் வரி நிலையைத் தெளிவுபடுத்தியது. ஓய்வு பெற்றவர் அதிலிருந்து காப்பீட்டுப் பிரீமியத்தை வரியின்றி ஈடு பெறலாம். பயன்படுத்தாத தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல நிறுவனம் அனுமதிக்கலாம். இந்தியாவில் அத்தகைய தனி வரிச் சலுகை பெற்ற கணக்கு எதுவும் இல்லை. எந்த வங்கியிலும் அதைத் தொடங்க இயலாது. இங்கே இருப்பது நிறுவனத்தின் ஏட்டில் உங்கள் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட ஓர் உச்சவரம்பு மட்டுமே.

அந்த உச்சவரம்பை எதற்குச் செலவிடுவது என்பதில்தான் தீர்மானம் தேவைப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஓய்வு பெற்ற ஒருவருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் உச்சவரம்பு. தமக்கும் மனைவிக்குமாக அவர் எடுத்துள்ள பாலிசியின் பிரீமியம் 58,000 ரூபாய். இருவரின் சர்க்கரை நோய், இரத்த அழுத்த மருந்துகளுக்கு மாதம் 2,500 ரூபாய். ஆண்டுக்கு 30,000 ரூபாய். மொத்தச் செலவு 88,000 ரூபாய். அதில் 40,000 ரூபாயை நிறுவனம் தரும். எஞ்சிய 48,000 ரூபாய் அவர் பொறுப்பு. எந்த ரசீதைக் கொடுத்தாலும் இந்த 48,000 மாறாது.

மாறுவது வரி. பழைய வரி முறையில் இருப்பவருக்கு 80டி பிரிவின் கீழ், 60 வயதுக்கு மேற்பட்டோரின் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. தம் வரிக்குட்பட்ட வருமானத்திலிருந்து செலுத்திய பிரீமியத்துக்கே அக்கழிவு. நிறுவனம் ஈடு செய்த பகுதிக்கு அதைக் கோருவது முறையாகாது. (ஈட்டுத் தொகையை நிறுவனம் வரிக்குரிய வருமானமாகக் காட்டியிருப்பின் நிலை வேறு, அதைக் கணக்காயரிடம் கேட்டறிக.) ஆக, அவர் பிரீமிய ரசீதைக் கொடுத்து 40,000 பெற்றால் கழிவுக்கு எஞ்சுவது 18,000 மட்டுமே. மருந்து ரசீதுகளுக்கு 30,000 பெற்று, பிரீமியத்தில் 10,000 மட்டும் ஈடு பெற்றால், சொந்தமாகச் செலுத்திய 48,000 ரூபாய்க்கும் கழிவு கிட்டும். மருந்துச் செலவுக்கென மூத்த குடிமக்களுக்கு 80டி தரும் கழிவோ, காப்பீடு இல்லாதவர்களுக்கே உரியது. பாலிசி வைத்திருப்பவர் அதைக் கோர இயலாது. 20 விழுக்காடு வரி அடுக்கில் இவ்விரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு, மிகை வரியும் சேர்த்து 6,240 ரூபாய்.

இதைக் கண்டவுடன் மருந்து ரசீதுகளையே கொடுக்கலாம் என்று தோன்றும். நாங்கள் அவ்வாறு பொதுவாக அறிவுறுத்துவதில்லை. புதிய வரி முறையில் 80டி கழிவே இல்லை. 2025-26 நிதியாண்டு முதல் அம்முறையில் 12 இலட்சம் ரூபாய் வரை வருமானம் உடையவர், தனி விகித வரிக்குரிய இனங்கள் நீங்கலாக, தள்ளுபடியின் காரணமாக வரி செலுத்த வேண்டியதும் இல்லை. ஓய்வூதியர்களில் பெரும்பாலோர் இவ்வரம்புக்குள் வருவதால் மேற்சொன்ன 6,240 ரூபாய் அவர்களுக்குக் கிட்டப்போவதில்லை. எஞ்சுவது மனித இயல்பு மட்டுமே. மருந்து ரசீது மாதந்தோறும் கையில் சேர்கிறது, மாதந்தோறும் ஈடும் வருகிறது, அது கைச்செலவாகிவிடுகிறது. பதினோரு மாதங்கள் கழித்துப் பிரீமிய அறிவிப்பு வரும்போது உச்சவரம்பில் மிச்சம் ஒன்றும் இல்லை. கணக்கிலும் 58,000 ரூபாய் இல்லை. அப்போது எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையைக் குறைப்பது, அல்லது மனைவியின் பெயரை நீக்குவது. இரண்டாவது முடிவைக் கிளை மேசையின் எதிரே அமர்ந்து கேட்க நேர்கையில் எங்களுக்கு வருத்தம் உண்டாகிறது.

ஆகவே பிரீமியமே முதலில், மருந்து அடுத்து என்பதே எங்கள் பரிந்துரை. மருந்துச் செலவு முன்கூட்டியே தெரிந்தது, ஓய்வூதியத்துக்குள் அடங்குவது. மருத்துவமனைச் செலவு அப்படியன்று. வரிக்கழிவு உண்மையிலேயே பயன்படும் நிலையில் இருப்போர், மாதம் 5,000 ரூபாய் வீதம் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்துப் பிரீமியத்தை உறுதி செய்துகொண்ட பின் மருந்து ரசீதுகளைக் கொடுக்கலாம். கழிவு கோருவோர் பிரீமியத்தை ரொக்கமாகச் செலுத்தலாகாது. காசோலையோ மின்வழிப் பரிமாற்றமோ இருத்தல் வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரே தவணையில் செலுத்தினால், கழிவு அவ்வாண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துக் கணக்கிடப்படும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. படிவம் நிரப்பும்போது பழைய எண்ணைத் தேடி அலைய வேண்டாம்.

ஈடு கோருவதற்கான காலவரம்பும் கவனத்துக்குரியது. சில திட்டங்களில் பயன்படுத்தாத தொகை அடுத்த ஆண்டுக்குச் செல்லும். சிலவற்றில் மார்ச் 31 அன்று மறைந்துவிடும். பாலிசியின் புதுப்பிப்பு நாள் ஏப்ரல் முதல் வாரத்தில் இருந்தால், மார்ச் மாதத்திலேயே செலுத்தி அவ்வாண்டின் உச்சவரம்பில் ஈடு பெற இயலுமா என்று நிறுவனத்திடம் எழுத்து வழியே கேட்டறியலாம்.

சரக்கு மற்றும் சேவை வரியிலும் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு அவ்வரி இல்லை. குடும்பத்துக்குச் சேர்த்து எடுக்கும் பாலிசிக்கும் இல்லை. குழுக் காப்பீட்டுக்கு இவ்விலக்கு பொருந்தாது. 18 விழுக்காடு தொடர்கிறது. அடிப்படைப் பிரீமியம் 50,000 ரூபாய் என்றால் குழுவில் இருப்பவருக்கு 59,000 ரூபாய் ஆகும். இதைக் கண்டு குழுப் பாலிசியைக் கைவிட்டுத் தனிநபர் பாலிசிக்கு ஓடுவதும் சரியன்று. குழுப் பாலிசிகள் பலவற்றில் முன்பே உள்ள நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. அறுபத்தெட்டு வயதில் இருதயச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு அந்தப் பாதுகாப்பின் மதிப்பு 9,000 ரூபாயைவிட மிகப் பெரிது.

ஆனால் குழுவை மட்டுமே நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. குழுப் பாலிசியின் ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் காப்பீட்டாளருக்கும் இடையிலானது. கடந்த ஆண்டின் உரிமைக்கோரல்களைப் பார்த்து அவர்கள் பேசி முடிவு செய்யும் கட்டணமே உங்களுக்கு வந்து சேரும். தனிநபர் பாலிசியில் மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 சனவரியில் ஆணை பிறந்தது. இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்க, ஐம்பது வயதுக்குள்ளாகவே, நிறுவனத்தின் காப்பீடு இருக்கும்போதே, சிறிய அளவிலேனும் ஒரு தனிநபர் பாலிசி எடுத்துவைப்பது அறிவுடைமை. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள். 60 மாதங்கள் தொடர்ந்து பாலிசி இருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, தகவல் மறைத்தார் என்று கூறி உரிமைக்கோரலை மறுக்க இயலாது. ஓய்வு நாளுக்குள் இவ்விரு காலமும் கழிந்திருக்கும்.

ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. குழுவிலிருந்து வெளியேறும்போதோ, குழுவின் நிபந்தனைகள் மாற்றப்படும்போதோ, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு இடம்பெயரும் வாய்ப்பை ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் தருகின்றன; கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் கொள்ளப்படும். ஓய்வு நாளுக்கு முன்பே அந்நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பது நன்று. மற்றொன்று சூப்பர் டாப்-அப் பாலிசி. நிறுவனத்தின் குழுப் பாலிசி 3 இலட்சம் ரூபாய் எனில், அந்த 3 இலட்சத்துக்கு மேற்பட்ட செலவை மட்டும் ஏற்கும் பாலிசியை எடுக்கலாம். அடித்தளச் செலவை வேறொருவர் ஏற்பதால் அதே தொகைக்கான முழுப் பாலிசியைவிட இதன் பிரீமியம் குறைவு. இதன் ரசீதையும் உச்சவரம்புக்குள் ஈடு செய்வார்களா என்பதை நிறுவனத்தின் விதிகளில் பார்க்க வேண்டும். விதியில் வெறுமனே மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் என்றிருந்தால் கேட்டுப்பார்ப்பதில் தவறில்லை. எழுபது வயதைக் கடந்தவர்கள் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கத்தின் கீழ், வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். தனியார் காப்பீடு வைத்திருப்பது அதற்குத் தடையன்று. மத்திய அரசு சுகாதாரத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களில் இருப்போர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் பாலிசி அறுந்துபோவதை நாங்கள் காண்கிறோம். காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. ஓய்வூதியர் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் வாழ்நாள் சான்று அளிக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம். அளிக்கத் தவறினால் டிசம்பர் முதல் ஓய்வூதியம் நின்றுவிடும். பின்னர் சான்று கொடுத்தவுடன் நிலுவை முழுதும் வரவாகிவிடும். அதனால் பலரும் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் பிரீமியத்துக்கான பற்று ஆணை அதே கணக்கில் இருந்து, அந்த இடைவெளியில் போதிய இருப்பின்றித் திரும்பிவிட்டால், நிலுவை வந்து சேர்வதற்குள் பாலிசி நாள் கடந்திருக்கும். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டென்பது உண்மையே. அக்காலத்துக்குள் செலுத்தினால் பாலிசியின் தொடர்ச்சி காக்கப்படும். ஆனால் இடைப்பட்ட நாள்களில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அச்செலவு கிட்டாது. ஜீவன் பிரமாண் வழியாக வீட்டிலிருந்தே, கைப்பேசியில் முக அடையாளத்தைக் கொண்டும் சான்று அளிக்க இயலும் இக்காலத்தில், ஒரு சான்றுக்காகக் காப்பீட்டை இழப்பது தவிர்க்கத்தக்கதே.

மற்றொரு காரணம் மரணம். பெரும்பாலான திட்டங்களில் ஓய்வு பெற்றவர் மறைந்த பின்னும் துணைவருக்கு மருத்துவப் பலன் தொடரும். தானாகத் தொடராது. பிரீமியத்தின் பற்று ஆணை மறைந்தவரின் பெயரில் இருந்திருக்கும், ஓய்வூதியம் நின்றிருக்கும், குடும்ப ஓய்வூதியம் தொடங்கச் சில வாரங்கள் ஆகலாம். நிறுவனத்தின் அறிவிப்புகளோ, மறைந்தவரின் கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் சென்றுகொண்டிருக்கும். அந்த எண்ணை வீட்டார் மூடிவிட்டால், விருப்பம் தெரிவிக்க வேண்டிய கடைசி நாள் யாருக்கும் தெரியாமல் போகும். கணவர் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஈட்டிய மருத்துவப் பலனை, ஒரு கடிதம் எழுதாத காரணத்தால் இழந்து நிற்கும் பெண்களுக்கு நிறுவனத்தின் நலப் பிரிவுக்கு மனு எழுத எங்கள் கிளைகளில் உதவியிருக்கிறோம். சில மனுக்கள் ஏற்கப்பட்டன. சில ஏற்கப்படவில்லை.

ஓய்வூதியக் கணக்கைத் துணைவருடன் கூட்டுக் கணக்காக, இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியவர் என்ற முறையில் வைத்துக்கொள்வது இதற்கு ஓரளவு தீர்வாகும். ஓய்வூதிய ஆணையில் துணைவரின் பெயர் இடம்பெற்றிருப்பின் மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியத்துக்குப் புதிய கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. அதே கணக்கில் வரவாகும். நிறுவனத்தின் மருத்துவத் திட்டப் பதிவேட்டில் துணைவரின் பெயர், பிறந்த நாள், ஆதாரில் உள்ள எழுத்துகளோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, அவருடைய கைப்பேசி எண்ணையும் இரண்டாவது எண்ணாகப் பதிவு செய்துவிட வேண்டும்.

நிறுவனத்தின் வாக்குறுதி எவ்வளவு உறுதியானது என்று அறிய விரும்புவோருக்கு, வணிகவியல் படித்தவர்கள் என்ற முறையில் ஒரு வழி சொல்கிறோம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் எனில் அதன் ஆண்டறிக்கை இணையத்தில் கிடைக்கும். கணக்குகளுக்கான குறிப்புகளில் ஊழியர் பலன்கள் என்ற பகுதியைப் பாருங்கள். ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவப் பலனைக் காப்புக் கணிப்பாளரைக் கொண்டு மதிப்பிட்டுப் பொறுப்பாகக் காட்ட வேண்டும் என்பது கணக்கியல் தரநிலைகளின் விதி. அங்கே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, பலனின் மொத்தப் பொறுப்பு. மற்றொன்று, அதற்கென அறக்கட்டளையில் தனியே வைக்கப்பட்ட சொத்து. சொத்து, பொறுப்புக்கு நெருங்கி இருந்தால் நிதி உண்மையிலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சொத்து என்ற இடத்தில் கோடு மட்டும் இருந்தால், ஆண்டுதோறும் நிறுவனத்தின் அன்றைய வருவாயிலிருந்தே உங்கள் பிரீமியம் செலுத்தப்படுகிறது. இலாபம் குறையும் ஆண்டில் உச்சவரம்பும் குறையக்கூடும். அவ்வாறானவர்கள் மேலே சொன்ன தனிநபர் பாலிசியை ஒத்திப்போடலாகாது.

வாழ்நாள் சான்று அளிக்க நவம்பரில் கிளைக்கு வரும் ஓய்வூதியர்கள், காப்பீட்டுப் பாலிசியின் நகலையும் நிறுவனத்தின் மருத்துவத் திட்டச் சுற்றறிக்கையையும் உடன் கொண்டுவந்தால், பற்று ஆணையின் நாளும் பாலிசியின் புதுப்பிப்பு நாளும் பொருந்துகின்றனவா என்று எங்கள் ஓய்வூதியப் பிரிவு ஊழியர்கள் சரிபார்த்துத் தருவர். இயலுமாயின் துணைவரையும் அழைத்து வருக. கூட்டுக் கணக்குப் படிவத்தில் இருவர் கையொப்பமும் தேவைப்படும்.